120 ரூபாய்ச் சாப்பாடு, 220 ரூபாய்க் காபி: நாற்காலிக்கு எவ்வளவு?

இந்த எபிசோடு ஒரு கேள்வியிலேருந்து ஆரம்பிக்குது. சென்னைக்கு வேலைக்கு வந்து ஆறு மாசமான ஒருத்தர் அனுப்பின மெசேஜ். "எங்க ஆபீஸ் தெருவுல ஒரு மெஸ் இருக்கு. சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், ரெண்டு காய், அப்பளம், மோர், எல்லாம் சேர்த்து 120 ரூபாய். நாலு கடை தள்ளி ஒரு கஃபே. அங்க ஒரு காபி மட்டும் 220 ரூபாய். ஒரு முழுச் சாப்பாட்டவிட ஒரு கப் காபி எப்படி ஜாஸ்தி ஆகும்? ரெண்டுல யாரோ ஏமாத்துறாங்கதானே?"

யாரும் ஏமாத்தல. ரெண்டு கடையும் விக்கிற பொருள் வேற வேற. மெஸ் விக்கிறது சாப்பாடு. கஃபே விக்கிறது நாற்காலி. அந்தக் காபி, நாற்காலில உட்கார்றதுக்கு நாம வாங்குற டிக்கெட். இத ஒருதடவை புரிஞ்சுக்கிட்டா, நகரத்துல வெளிய சாப்பிடற எல்லா விலையும் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். டீக்கடையில ஏன் டீ அந்த விலைக்குக் கிடைக்குது, அதே மெஸ் சாப்பாடு ஆப்ல ஏன் கூடுது, நல்லா ஓடிட்டிருந்த மெஸ் ஒண்ணு திடீர்னு ஏன் மூடுது, எல்லாமே இதோட சம்பந்தப்பட்டதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம்

இது உதாரணக் கணக்கு, எந்தக் கடையோட நோட்டுப் புத்தகமும் இல்ல. ஒரே தெரு, ஒரே அளவு இடம், ரெண்டு கடையிலயும் 40 இருக்கை. மதியம் 12 மணியிலேருந்து 3 மணி வரைக்கும் மட்டும் எடுத்துக்குவோம்.

மெஸ்ல ஒருத்தர் உட்கார்ந்து, சாப்பிட்டு, இலைய மடிச்சுட்டு எழுந்திருக்க 20 நிமிஷம். மூணு மணி நேரத்துல ஒரு நாற்காலியில ஒன்பது பேர் உட்காரலாம். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி இருக்குற அரை மணி, கூட்டம் கலையற கடைசி அரை மணி, இதெல்லாம் கழிச்சு ஆறு பேர்னு வெச்சுக்குவோம். 40 நாற்காலி, ஆறு பந்தி, மொத்தம் 240 சாப்பாடு.

கஃபேல ஒருத்தர் லேப்டாப்பத் திறந்தா ஒன்றரை மணி நேரம். நாற்காலிக்கு ரெண்டே பேர். மொத்தம் 80 பேர்.

இப்போ வாடகை, கரன்ட், சம்பளம் எல்லாத்துக்குமா அந்த மூணு மணி நேரம் 12,000 ரூபாய் ஈட்டித் தரணும்னு வெச்சா, மெஸ்ல தலைக்கு 50 ரூபாய். கஃபேல தலைக்கு 150 ரூபாய். இன்னும் அரிசியும் வாங்கல, காபிக்கொட்டையும் வாங்கல. ஏசி, சோபா, வைஃபை, பாட்டு இதையெல்லாம் கணக்குலயே சேர்க்கல. அந்த 220 ரூபாய்ல காபிக்கான பங்கு சின்னது.

இது கஃபேயத் திட்டறதுக்காகச் சொல்றது இல்ல. சின்ன வீட்டுல நாலு பேரோட இருக்குறவங்க, பிஜில மூணு பேரோட ரூம் பகிர்றவங்க, இவங்களுக்கு ஒன்றரை மணி நேரம் யாரும் எழுப்பாத ஒரு நாற்காலி நிஜமாவே தேவையான பொருள். வீடும் இல்லாம வேலை இடமும் இல்லாம ஜனங்க கூடுற இடத்துக்கு 'மூன்றாம் இடம்'னு பேர் வெச்சவர் ரே ஓல்டன்பர்க்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். 1989-ல வந்த அவரோட புத்தகத்துக்கு அப்புறம் அந்தப் பேர் பரவிடுச்சு. நம்ம ஊர்ல அந்த நாற்காலிய ஒரு வியாபாரமா பெரிய அளவுல கொண்டு வந்தது கஃபே காபி டே. 1996-ல பெங்களூரு பிரிகேட் ரோட்டுல திறந்த அவங்களோட முதல் கடை ஒரு இன்டர்நெட் கஃபே. அதாவது ஆரம்பத்துலேருந்தே நேரத்தையும் காபியையும் ஒரே மேசையில சேர்த்து வித்தாங்க.

அப்போ ஒரு கேள்வி வரும். மலிவான காபி, நாள் பூரா உட்காரலாம், ரெண்டும் சேர்ந்த இடமே கிடையாதா? இருந்துச்சு, கொஞ்சம் இன்னும் இருக்கு. இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் நடத்திட்டிருந்த கடைகள 1950கள்ல மூட ஆரம்பிச்சப்போ, வேலை போன தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் மாதிரி தலைவர்களோட துணையோட கூட்டுறவுச் சங்கம் அமைச்சு அந்தக் கடைகளத் தாங்களே எடுத்து நடத்தினாங்க. முதல் சங்கம் 1957-ல பெங்களூர்ல. பங்குதாரருக்கு லாபம் காட்டணும்ங்கிற அவசரம் இல்லாததால, ஒரு காபிய வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் அரசியல் பேசறவர யாரும் விரட்டல. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்ல இருக்குற காபி ஹவுஸுக்குப் போனவங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலிக்கான செலவு எங்கயோ இருக்கத்தான் செய்யுது. பழைய கட்டடம், பழைய வாடகை, பழைய மின்விசிறி, மாறாத மெனு, இதுல எல்லாம் அது ஒளிஞ்சிருக்கு.

20 நிமிஷத்தோட சூட்சுமம்

மெஸ்ஸுக்கு வருவோம். சென்னையில மெஸ்னு சொன்னா முதல்ல வர்ற பேர் திருவல்லிக்கேணி. ஊர்லேருந்து வேலை தேடி வர்ற பிரம்மச்சாரிகளுக்கு அங்க மேன்ஷன். ஒரு கட்டில், ஒரு ஆணி, பொது பாத்ரூம். சமையல் கட்டு கிடையாது. அதனால மேன்ஷன் இருக்குற தெருவுல மெஸ் வந்தே ஆகணும். மெஸ்ங்கிறது அந்த மொத்தத் தெருவுக்குமான அடுப்படி.

அங்க காசி விநாயகா மெஸ்ல மதியம் போனா டோக்கன் தருவாங்க. ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காரும். பாக்குறதுக்குக் கல்யாணப் பந்தி மாதிரியே இருக்கும். மயிலாப்பூர் ராயர் மெஸ் இன்னும் நெருக்கம். சந்துல நின்னு காத்திருந்து, உள்ள போய் இட்லி, பொங்கல், வடைய முடிச்சுட்டு அடுத்தவருக்கு இடம் விடணும். காத்திருக்கிறது அங்க ஒரு குறை இல்ல. நாற்காலி எந்நேரமும் நிறைஞ்சிருக்கணும்னா வெளிய நாலு பேர் நின்னாகணும். நாம வெளிய நிக்கிற அந்தப் பத்து நிமிஷமும் நாம கொடுக்குற விலைதான், ரூபாயா இல்லாம நேரமா.

மத்தபடி எல்லாமே அந்த 20 நிமிஷத்துக்காகவே அமைஞ்சது. மெனு கார்டு கிடையாது, அதனால யோசிக்கிற நேரம் கிடையாது. காசு முன்கூட்டியே கட்டியாச்சு, அதனால கடைசில பில்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். பரிமாறுறவர் கையில தட்டு இல்ல, வாளி. ஒருத்தர் சாம்பார் வாளியோட ஒரு வரிசைய நடந்து முடிச்சா இருபது இலைக்குச் சாம்பார் போயிடும். அதே இருபது பேருக்கு இருபது விதமான ஆர்டர் எடுத்திருந்தா நாலு சர்வராவது வேணும். இலை போட்டா கழுவ வேண்டிய தட்டு இல்ல. தெரியாதவங்க பக்கத்துல உட்கார்றதுல நமக்குக் கூச்சம் இல்லாததால, ரெண்டு பேர் மேசையில ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து ஒரு நாற்காலி வீணாகாது.

அப்புறம் 'அன்லிமிடெட்'. எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இதுதான். சாப்பாட்டு இலையில எது அளவில்லாம வருதுன்னு கவனிங்க. சோறு, சாம்பார், ரசம், மோர். எது ஒருதடவைதான் வருது? அப்பளம், ஸ்வீட், சில இடத்துல தயிர். பொரியல் ரெண்டாவது தடவ கேட்டா வரும், ஆனா கரண்டி சின்னதாயிடும். அந்த இலையிலயே வயித்த நிரப்புறதுல மலிவானது சோறுதான். ரசமும் மோரும் பெரும்பாலும் தண்ணி. அத அளவில்லாம கொடுத்தா கடைக்குக் கையக் கடிக்காது, நமக்கு மனசு நிறையும். காய் என்னங்கிறது அன்னைக்குக் காலைல கோயம்பேட்டுல எது மலிவோ அதப் பொறுத்தது. தக்காளி விலை ஏறின வாரம் ரசம் வெளிறிப் போறதையும், வெங்காயம் ஏறினா வெங்காய சாம்பார் முள்ளங்கி சாம்பாரா மாறுறதையும் தினமும் மெஸ்ல சாப்பிடறவர் சொல்லிடுவார். மெனு கார்டுல பேர் அச்சடிச்ச ஹோட்டலால இத செய்ய முடியாது. பனீர் பட்டர் மசாலான்னு போட்டாச்சுன்னா பனீர் என்ன விலை வித்தாலும் போட்டே ஆகணும்.

மாவும் அதே மாதிரி. டிபன் கடையில புதுசா பொங்கின மாவு காலை இட்லிக்குப் போகும். மிச்சம் தோசைக்கு. கொஞ்சம் புளிச்சதும் ஊத்தப்பம், அதுக்கும் மேல புளிச்சா வெங்காயம் பச்சமிளகா போட்டுக் குழிப்பணியாரம். வீணாப் போறதுன்னு ஒண்ணு கிடையாது. சாயங்காலம் ஊத்தப்பம் நல்லாருக்குன்னு நாம சொல்றதுக்கும் மாவு அந்த வயசுக்கு வந்துடுச்சுங்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கு. அதே இடம் ராத்திரி ஆனா வாசல்ல கல்லப் போட்டு பரோட்டாக் கடையாவும் மாறலாம். ஒரு வாடகைக்கு மூணு கடை.

டீக்கடை இந்தக் கணக்குல ஒரு விதிவிலக்கு மாதிரி தெரியும். 15 ரூபாய்க்கு ஒரு டீ, அரை மணி நேரம் நின்னு பேசறோம், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா பாருங்க, அங்க நமக்கு நாற்காலியே கிடையாது. நாம நிக்கிறது மாநகராட்சியோட நடைபாதை. மாஸ்டருக்கு வேண்டியது பாய்லர் வைக்கிற இடமும் வடைத் தட்டு வைக்கிற இடமும்தான். இருக்குற ஒரே பெஞ்சும் சாக்கடை மேல போட்ட பலகையா இருக்கும். அந்தப் பெஞ்ச் பேர்ல ஒரு நாளிதழ் பல வருஷமா அரசியல் கிசுகிசுப் பத்தியே நடத்துதுன்னா, வாடகை இல்லாத இடத்துல பேச்சு எவ்வளவு வளரும்னு பாத்துக்குங்க.

அந்தக் குறைஞ்ச விலைய யார் தாங்குறாங்க?

இதுவரைக்கும் சொன்னது கெட்டிக்காரத்தனம். வேகமான பந்தி, வீணாகாத மாவு, சின்ன மெனு. ஆனா அது மட்டுமே 120 ரூபாய்ச் சாப்பாட்ட உண்டாக்கிடாது. மிச்சத்த யாராவது ஒருத்தர் தாங்குறாங்க.

முதல்ல குடும்பம். நெறைய சின்ன மெஸ்கள்ல கல்லாவுல கணவர், அடுப்புல மனைவி, டோக்கன் கிழிக்கிறது காலேஜ் முடிச்சுட்டு வந்த பையன். இதுல யாருக்கும் சம்பளம்னு தனியா எழுதறதில்ல. அந்த அக்கா காலைல நாலு மணிக்கு அடுப்பு மூட்டி ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் செய்யுற வேலைக்கு ஒரு சமையல் மாஸ்டரோட சம்பளம் போட்டுப் பாத்தா, சாப்பாட்டு விலை அங்கயே ஏறிடும். 'வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கு'ன்னு நாம பாராட்டுறோம். வீட்டுல மாதிரியேதான் அங்கயும் அந்த உழைப்பு கணக்குல வராம இருக்கு.

ரெண்டாவது, வேலை பாக்குறவங்க. சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து, அதக் காரணமா வெச்சு சம்பளத்தக் குறைக்கிறது இந்தத் தொழில்ல ரொம்ப காலமா உள்ள பழக்கம். முன்னாடி அந்த இடத்துக்கு நம்ம தென்மாவட்டப் பசங்க வந்தாங்க. இப்போ சென்னையில எந்த ஹோட்டல்ல தண்ணி கேட்டாலும் கொண்டு வர்றவர் ஒடிசாவோ பீகாரோ அஸ்ஸாமோ. மூட்டையோட ஊர்லேருந்து வந்து தினமும் மெஸ்ல சாப்பிடற நீங்களும், அங்க இலை எடுக்குற அவரும் ஒருவகையில ஒரே பயணத்தோட ரெண்டு முனை.

மூணாவது, கட்டடம். பல பழைய மெஸ்கள் நிக்கிறது சொந்த வீட்டோட முன் அறையில, இல்ல முப்பது வருஷத்துக்கு முன்னாடி பேசின வாடகையில. அந்த வாடகைதான் உண்மையான மானியம். கட்டடக்காரர் இறந்து பிள்ளைங்க இடத்த விக்க முடிவு பண்ற அன்னைக்கு, எவ்வளவு கூட்டம் வந்தாலும் அந்த மெஸ் பொழைக்காது. பக்கத்துத் தெருவுல இன்னைய வாடகைக்கு இடம் எடுத்தா அதே சாப்பாட்ட அதே விலைக்குப் போட முடியாது. 'சுவை குறைஞ்சுபோச்சு, அதான் மூடிட்டாங்க'ன்னு ஜனங்க சொல்லுவாங்க. பல நேரம் சுவை அப்படியேதான் இருந்திருக்கும், பத்திரம்தான் கைமாறியிருக்கும்.

இதுக்கு மேல கேஸ். கடைக்கு வர்றது 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு 14.2 கிலோ சிலிண்டருக்கு இருக்குற சலுகை இதுக்கு இல்ல. விலையும் பொதுவா மாசம் பொறந்தா மாறும். சாப்பாட்டு விலைய மாசாமாசம் மாத்த முடியுமா? பத்து ரூபாய் ஏத்தினாலே போர்டுல எழுதி, ரெண்டு வாரம் எல்லாருக்கும் பதில் சொல்லிட்டிருக்கணும்.

சந்தை விலைய ஒதுக்கி வெச்சுட்டு, அரசே தாங்கினா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்மகிட்ட ஒரு உதாரணம் இருக்கு. அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில சென்னையில ஆரம்பிச்சப்போ இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நடத்துறது மாநகராட்சி, சமைக்கிறது மகளிர் சுய உதவிக் குழுக்கள். இடத்துக்கான செலவு மாநகராட்சியோடது, நஷ்டமும் அவங்களோடது. உள்ள போனா ஒண்ணு கவனிக்கலாம். நின்னுக்கிட்டே சாப்பிடற உயர மேசை. 1 ரூபாய் இட்லிக்கும் நாற்காலிக் கணக்கு பொருந்துது. அத ஆட்டோக்காரங்களும் கட்டட வேலைக்காரங்களும் மட்டும் பயன்படுத்துறதா நினைச்சா, பரீட்சைக்குப் படிக்கிற எத்தனை பேர் அதை நம்பி மாசத்த ஓட்டியிருக்காங்கன்னு ஒருதடவை விசாரிச்சுப் பாருங்க.

அந்த நாற்காலில யார் உட்காரலாம்?

நாற்காலியோட விலையப் பத்தி இவ்வளவு பேசிட்டு இத விட்டா சரியா இருக்காது. காசு இருந்தாலும் உட்கார முடியாத காலம் ஒண்ணு இருந்துச்சு. அது ரொம்பப் பழைய காலமும் இல்ல.

இருபதாம் நூற்றாண்டோட முதல் பாதியில சென்னை மாகாணத்து ஓட்டல்கள்ல 'பிராமணாள்'ங்கிற சொல் பலகையில சாதாரணமா இருக்கும். சமைக்கிறவர் பிராமணர்னு அதுக்கு ஒரு விளக்கம் சொல்லுவாங்க. ஆனா உள்ள உட்கார்ற இடமும் பிரிஞ்சிருந்துச்சு. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்கள்லயே தனித்தனிப் பகுதி. பெரியாரும் அவரோட இயக்கமும் தொடர்ந்து எதிர்த்ததுக்கு அப்புறம்தான் 1941-ல ரயில்வேயில அந்தப் பிரிவினை போச்சு. சுதந்திரம் வந்து, அரசியலமைப்பும் வந்து, அதோட 15ஆவது பிரிவு கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் போறதுல சாதிய வெச்சு யாரையும் தடுக்கக் கூடாதுன்னு உணவகத்தப் பேர் சொல்லியே எழுதியிருக்கு. அதுக்கும் பல வருஷம் கழிச்சு, 1957-ல, அதே திருவல்லிக்கேணியில முரளீஸ் கஃபே முன்னாடி, பலகையில இருக்குற 'பிராமணாள்'ங்கிற சொல்ல எடுக்கச் சொல்லி திராவிடர் கழகம் மறியல் பண்ணுச்சு. தினமும் போய் நின்னாங்க, தினமும் கைதானாங்க. மாசக்கணக்குல நடந்ததுக்கு அப்புறம் அந்தச் சொல் பலகையிலேருந்து போச்சு.

கிராமத்து டீக்கடைகள்ல இரட்டைக் குவளை முறை அதுக்கு அப்புறமும் நீடிச்சது. தலித் மக்களுக்குத் தனி டம்ளர், பெஞ்சுல இடம் கிடையாது, குடிச்சுட்டுத் தாங்களே கழுவி வைக்கணும். அதனால மெஸ்ல தெரியாத ஒருத்தரோட தோளு உரச உட்கார்ந்து சாப்பிடறது நம்ம பண்பாட்டுல காலங்காலமா இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது சண்டை போட்டு வாங்கினது. 20 நிமிஷப் பந்தி வேகமா ஓடுறதுக்குக் கூட அந்தச் சண்டை ஜெயிச்சிருக்கணும். பக்கத்துல யாருன்னு கேட்டு உட்கார வெச்சா ஆறு பந்தி எங்கேருந்து வரும்?

இன்னொரு விஷயம் இன்னும் முழுசா முடியல. டீக்கடையில சாயங்காலம் ஆறு மணிக்கு நிக்கிற பத்துப் பேர்ல பெண்கள் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. மெஸ்ஸும் அப்படித்தான் இருந்துச்சு. மேன்ஷன்ல ஆம்பளைங்க, அதனால மெஸ்ல ஆம்பளைங்க. ஓஎம்ஆர் பக்கமும், பெண்கள் பிஜி அதிகமா இருக்குற தெருக்கள்லயும் இது மாறிட்டு வருது. டீக்கடை வாசல்ல ஐடி கார்டோட பெண்கள் கூட்டமா நின்னு டீ குடிக்கிறது இப்போ சாதாரணம். ஆனா கூட்டமா. தனியா ஒரு பெண் நடைபாதையில நின்னு டீ குடிச்சா இன்னும் நாலு பேர் திரும்பிப் பாக்குறாங்க. நெறைய பேர் 220 ரூபாய்க் காபிக் கடைக்குப் போறதுக்கு இது ஒரு காரணம். அங்க தனியா உட்கார்ந்தா யாரும் பாக்க மாட்டாங்க, பாத்ரூமும் இருக்கும். 15 ரூபாய் டீக்கும் 220 ரூபாய்க் காபிக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த ஆண்கள் சுலபமா 'பந்தா'ன்னு சொல்லிடறாங்க. சில பேருக்கு அது நிம்மதியா உட்கார்றதுக்கான வரி.

வரின்னதும், பில்லுக்கு வருவோம்

இது சுருக்கமா. உணவகத்துக்கு இப்போ பொதுவா 5 சதவீத ஜிஎஸ்டி. 2017 ஜூலைல ஆரம்பிச்சப்போ ஏசி இல்லாத இடத்துக்கு 12, ஏசி இருந்தா 18-ன்னு இருந்தது, அதே வருஷம் நவம்பர்ல 5 ஆச்சு. ஆனா நீங்க போற சின்ன மெஸ் அதையும் வாங்கணும்னு அவசியம் இல்ல. வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்ல. ஒன்றரைக் கோடி வரைக்கும் இருக்குற கடைகள் 'காம்போசிஷன்' முறையில சேரலாம். அப்படிச் சேர்ந்தா வரிய கடைக்காரர் தன் கையிலேருந்து கட்டணும், உங்க பில்லுல தனியா சேர்க்கக் கூடாது. பில்லுல ஜிஎஸ்டினு ஒரு வரி போட்டிருந்து, ஜிஎஸ்டி எண்ணே இல்லன்னா கேளுங்க. சர்வீஸ் சார்ஜ் வேற சமாச்சாரம். அது வரி இல்ல. அத தானாவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல சொன்னத 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு.

இப்போ ஆப். அதே 120 ரூபாய்ச் சாப்பாடு ஆப்ல 160ன்னு இருந்தா, மெஸ்காரர் ஏமாத்துறார்னு நினைக்க வேண்டாம். ஆப் கம்பெனி ஒவ்வொரு ஆர்டர்லயும் ஒரு சதவீதத்தக் கமிஷனா எடுக்கும். இலைக்குப் பதிலா சாம்பாருக்கு ஒரு டப்பா, ரசத்துக்கு ஒண்ணு, பொரியலுக்கு ரெண்டு. 2022 ஜனவரியிலேருந்து ஆப் வழியா வாங்குற சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டிய ஆப் கம்பெனியே வசூலிச்சுக் கட்டணும். அதனால நேர்ல போனா வரியே போடாத குட்டி மெஸ்ஸோட சாப்பாட்டுக்கும் ஆப்ல 5 சதவீதம் வந்துடும்.

இதுல இன்னொரு சிக்கல் வெளிய தெரியாது. ஆப்ல வர்றவங்களுக்கு நாற்காலி வேண்டாம், அதனால கடைக்கு லாபம்தானேன்னு தோணும். ஆனா ஆர்டர் குவியறது அதே ஒரு மணிக்கு. வாளியோட வரிசைய நடந்துட்டிருந்த ஆளு இப்போ டப்பாவுக்கு மூடி போட்டுட்டிருக்கார். உள்ள ரெண்டாவது தடவ ரசம் கேட்டவர் கையக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கார். 20 நிமிஷம் 30 ஆச்சுன்னா ஆறு பந்தி நாலா குறையும். சில மெஸ்கள் மதியம் ஒரு மணிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் ஆப்ப அணைச்சு வைக்கிறது இதனாலதான். அது பழைய காலத்து ஆள்ங்கிறதால இல்ல, கணக்குத் தெரிஞ்சதால.

கேட்டவங்களுக்குப் பதில்

"மெஸ்ல லேப்டாப் வெச்சு வேலை பாக்கலாமா?" மதியம் வேண்டாம். மூணரைக்கு மேல, ஒரு வடையும் டீயும் வாங்கிட்டுக் கேட்டுப் பாருங்க. மதியக் கூட்டம் முடிஞ்சு சாயங்கால டிபன் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல அந்த நாற்காலிகளுக்கு விலையே இல்ல. அண்ணனே ஃபேனப் போட்டு விடுவார்.

"எத்தனை மணிக்குப் போனா நல்லது?" பன்னண்டேகால். முதல் பந்தி. அப்பளம் நொறுங்கும், பொரியல் கரண்டி பெருசா இருக்கும். ரெண்டரைக்குப் போனா சாம்பார் கெட்டியா, அடியில தங்கின காயெல்லாம் சேர்ந்து ஜோரா இருக்கும், ஆனா கூட்டுக்கு உத்தரவாதம் இல்ல. ஒண்ணரைக்குத்தான் போக முடியும்னா வெளிய நிக்கத் தயாரா போங்க.

"மாசக் கார்டு எடுக்கலாமா?" எடுக்கலாம், உங்களுக்கும் கொஞ்சம் குறையும், அவங்களுக்கும் அரிசி வாங்கக் கையில காசு இருக்கும். ஆனா ஊருக்குப் போற நாள் கழிப்பாங்களான்னு முன்னாடியே பேசிடுங்க. இந்தச் சண்டைல பல நல்ல உறவு முறிஞ்சிருக்கு.

"காசு கொடுக்கும்போது டிப்ஸ் வைக்கணுமா?" டோக்கன் வாங்கற இடத்துல வழக்கம் இல்ல. தினமும் போற இடம்னா மாசம் ஒருதடவை இலை எடுக்கற தம்பி கையில நேரடியா கொடுங்க. கல்லாவுல கொடுத்தா போய்ச் சேராது.

அடுத்த எபிசோடுல பாரிமுனை செகண்ட் லைன் பீச்சுக்குப் போறோம். பர்மாவுலேருந்து 1960கள்ல திரும்பி வந்தவங்க கொண்டு வந்த அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும், நின்னுக்கிட்டே. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்க இருப்போம், பசியோட வாங்க.